சேற்றோடு வந்த பாதங்கள்

அந்தப் பாதங்களில் சேறு இருந்தது.

சீமாட்டி வால்புர்காவின் கை வெள்ளிக் குவளையோடு அப்படியே நின்றுவிட்டது. புனித வியாழன்தோறும் பன்னிரண்டு ஏழைக் கிழவர்களின் கால்களைக் கழுவி முத்தமிடுவது அந்தச் சால்ஸ்பர்க் மாளிகையின் வழக்கம். கணவர் செய்துவந்தார், அவர் இறந்தபின் இவள். மறைமாவட்ட ஆயர் உருகுவார், சீமாட்டிகள் கைக்குட்டையைத் தேடுவார்கள். அந்தக் கால்களை வேலைக்காரிகள் முன்னதாகவே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, வாசனை தெளித்து வைத்திருப்பார்கள் என்பதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

இந்தக் கால் மட்டும்...?

நிமிர்ந்தாள். கிழவரே இல்லை. மழை சொட்டும் முடி. சிரிப்பை அடக்கத் தெரியாத சாம்பல் நிறக் கண்கள்...

"யார் நீங்க?" உதடு அசையாமல் கேட்டாள்.

"தர்ம ஆஸ்பத்திரி டாக்டர், கிலியன். உங்க பன்னெண்டு பேர்ல ஒருத்தரான கோர்பீனியனுக்குக் காய்ச்சல், வரமாட்டார்னு சொல்ல வந்தேன். ஆள் குறையுதேன்னு உங்க காரியஸ்தர் என்னை உக்கார வெச்சிட்டார். பூட்ஸ் ஓட்டை... மன்னிக்கணும்."

"எப்படிக் காய்ச்சல்?"

"நேத்து ஒத்திகைன்னு வெறுங்காலோட கல்தரையில உக்கார வெச்சீங்களே, அப்படி. கழுவுங்க அம்மணி, ஆயர் பாக்கறார்."

கழுவினாள். தண்ணீர் கறுத்தது. முத்தமிட்டபோது காது மடல் சுட்டது. கோபம்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

ஈஸ்டர் முடிந்ததும் அவள் கன்னியர் மடத்துக்குப் போவதாக ஏற்பாடு. அண்ணன் லோதாருக்கு அதில் ஏக பக்தி. தங்கைக்கு மோட்சம், தனக்கு அவள் தோட்டம் துரவு. அவளும் சரியென்றிருந்தாள். ஆனால் அன்றிரவு ஜெபமாலை விரல்களில் ஓடியதே தவிர, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை...

மறுநாள் கொட்டும் மழையில் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். கோர்பீனியனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அந்தக் குரல்.

"இங்க ஆயர் இல்லையே அம்மணி. யார் பாக்கறதுக்கு?"

கிண்ணத்தை வைத்தாள். "நான் வருஷத்துக்கு ஒரு நாளாவது மண்டி போடறேன் டாக்டர். உங்க கர்வம் உங்களை அதுக்குக்கூட விடாது போல."

கிலியன் ஊட்டுவதற்குக் கிண்ணத்தை எடுத்தான்; அவள் அதைத் திரும்பப் பிடுங்கினாள்.

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க," என்றார் கோர்பீனியன். "காய்ச்சக்காரன் தூங்கணும்."

தாழ்வாரத்தில் சாரல் அடித்தது.

"நான் பேசினது தப்பு," என்றான். "நீங்க மடத்துக்குப் போறதா ஊர்ல பேச்சு... எப்போ?"

"போகல. அண்ணாகிட்ட இன்னிக்கே சொல்லிடுவேன். கத்துவார்."

"என்ன காரணம் சொல்வீங்க?"

மழையைப் பார்த்தாள். அவனைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணினேன். மனசு கடவுள் பக்கம் ஒரு தடவைகூடப் போகல. உங்ககிட்டயே வந்து நின்னுது... நான் என்ன செய்ய?"

ஊருக்கே வாய்த்துடுக்கான அந்த டாக்டர் தொப்பியைக் கையில் பிசைந்தான்.

"நானும் தூங்கல..." என்றான். சீமாட்டி இல்லை, அம்மணி இல்லை. "வால்புர்கா."