இரண்டு தட்டு

மார்லிஸ் தரையைத் தட்டவே இல்லை. அவள் கால்கள் இரண்டும் முக்காலியின் மேல்தான் இருந்தன. ஆனாலும் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த பழுப்பு நாய் பட்டன் தலையைத் தூக்கி, யாரோ கூப்பிட்டது போல வாலை ஆட்டியது.

பட்டனுக்குப் பதினைந்து வயது. காது போய் இரண்டு வருஷமாகிறது. கண்ணில் பால் ஊற்றினாற்போல் வெள்ளை. வலது பின்னங்கால் செத்தே போய்விட்டது. நடந்தால் கழுத்து மணி கிணுங்க, மரத்தரையில் டக், டக், டக், சர்ர் என்று கேட்கும். காது கேட்காத பிள்ளையோடு எப்படிப் பேசுவது? குதிகாலால் ஓங்கி இரண்டு தட்டு. தரை அதிர்வது வயிற்றில் தெரிந்ததும் எழுந்து வந்துவிடும். "நீ உதைக்கிற உதைக்கு நானே வந்துடுவேன் போலிருக்கேடி" என்பான் அவள் கணவன் ஓரின்.

அவன் இன்று பனி வாரும் வண்டியை எடுத்துக்கொண்டு காலையிலேயே நெடுஞ்சாலைக்குப் போய்விட்டான். டுலூத் நகரில் ஜனவரியில் பனிக்கா பஞ்சம், வேலை இருந்தது உண்மைதான். ஆனால் நாலரை மணிக்குக் கால்நடை டாக்டர் கேரின், பட்டனை வலியில்லாமல் அனுப்பிவைக்கும் கடைசி ஊசியோடு வருவாள், அதைப் பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை என்பதும் உண்மை. மார்லிஸுக்கு மட்டும் இருந்ததா என்ன? ஆனால் அவள் பட்டனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். என் மடியில்தான் போவாய், தனியாக விடமாட்டேன் என்று.

பட்டன் இழுத்துக்கொண்டே நிலவறைக் கதவுக்குப் போய், கீழ் இடுக்கில் மூக்கை வைத்து வாலை ஆட்டியது. அது தாழ் சரியாக விழாத கதவு. இன்றைக்குச் சரிபண்ணுகிறேன் என்று ஓரின் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நடக்கத் தாங்கிப் பிடிப்பதற்காக முதுகில் கட்டியிருந்த பட்டையின் பிடியைப் பற்றி அவள் பட்டனைத் தூக்கி வந்து படுக்க வைத்தாள். அது மறுபடியும் போயிற்று. கதவுக்கு முன்னால் நாற்காலியை வைத்தாலும், அதைத் தலையால் முட்டித் தள்ளியது. அவள் கேரினுக்குப் போன் செய்தாள்.

"வயசான நாய்க்கு இருட்டிட்டா புத்தி தடுமாறும், மார்லிஸ். சுவத்தையே பாத்துட்டு நிக்கும். பயப்படாதீங்க, இதோ உங்க தெருவுக்கே வந்துட்டேன்."

மார்லிஸ் கதவருகே மண்டியிட்டு, ஒரு கையால் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, மறு உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். பட்டனுக்காக வேகவைத்த கோழியின் மணமும், ஈர ரோமத்தின் வாடையும், அவற்றுக்கு அடியில், கதவிடுக்கு வழியாக, புதிதாகத் தோண்டிய மண்ணின் வீச்சமும் வந்தன. வீட்டைச் சூடாக்கும் வெப்ப ஊதி ஒருமுறை பெருமூச்சு விட்டு நின்றது. பிறகு கை உணர்ந்தது.

இரண்டு தட்டு. கீழேயிருந்து.

முதலாவது பலமாக. இரண்டாவது கொஞ்சம் மெலிதாக. இடது முழங்கால் வலிப்பதால் மார்லிஸ் அப்படித்தான் தட்டுவாள். அவளுடைய தட்டேதான். இரண்டு வருஷமாகத் தன் தலைக்கு மேல் கேட்டுக் கேட்டு எதுவோ படித்து வைத்திருக்கிறது. சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

வாசல் மணி அடித்தது.

"திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க!" பிடியை அவள் விடவில்லை. கடைசிவரை விடவில்லை. ஆனால் பட்டன் மெலிந்துபோயிற்றே என்று போன வாரம் பட்டையைத் தளர்த்தியதும் அவள்தான். பட்டன் ஒரு இழுப்பு இழுத்தது. கையில் வெறும் பட்டை. கதவு இருட்டுப் பக்கமாகத் திறந்தது. டக், டக், டக், சர்ர். டக், டக், டக், சர்ர். கழுத்து மணி இறங்கி இறங்கித் தேய்ந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

படியில் அடுப்படி வெளிச்சம் மூன்று படிவரைதான் விழுந்தது. இறங்க அவள் கால் வரவில்லை. காது கேட்காத பிள்ளையைக் கூப்பிட அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். அழுதுகொண்டே குதிகாலால் தட்டினாள். பலமாக ஒன்று. மெலிதாக ஒன்று.

மணி கிணுங்கியது.

டக்.

டக்.

டக்.

டக்.

பனி ஒட்டிய காலணியோடு பின்னால் வந்து நின்ற கேரின் மெல்லச் சிரித்தாள். "அட, பாருங்களேன். தானாவே படியேறி வருதே."

நான்கு காலும் ஊன்றி வருகிற சத்தத்தை மார்லிஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். மிகக் கீழே, சிமெண்டுத் தரையின் கடைக்கோடியில் ஒரு முனகல். அதற்குப் பிறகு ஒரு சர்ர்.

மூன்றாவது படியின் வெளிச்சத்துக்குள் பழுப்பு முகம் வந்தது. கழுத்தில் பட்டனின் மணி. கண்ணில் வெள்ளை இல்லை. கறுப்பாக, தெளிவாக, அது மார்லிஸின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது.