பின்வாசலில் நுரை

காலை பத்தே முக்கால். எல்கடுவ மலைப் பங்களாவின் மண்டபத்தில் சுதர்சினி தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சீப்பு, குடை, மடிக்கணினி, பாதி தின்ற பிஸ்கட் பக்கெட் எல்லாம் விழுந்தன. பச்சை டின் மட்டும் விழவில்லை.

"டின்னைக் காணோம் அக்கா," என்றாள், பக்கத்தில் நின்ற சிவநந்தினியிடம்.

வேலையில் இருக்கும் அதிகாரிகளுக்காகப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடம் நடத்திய வார இறுதி டிப்ளோமாவின் கடைசி நாள் அது. ஒவ்வொருவரும் ஒரு வியாபாரத் திட்டத்தை முன்வைக்க வேண்டும். நடுவர் கொழும்பு ஏற்றுமதிக் கம்பனி ஒன்றின் தலைவர். பன்னிரண்டு மணிக்கு வந்து கேட்டுவிட்டு, அப்படியே விமான நிலையத்துக்குப் போகிறவர். மற்றவர்களுக்குத் திரையில் படம் காட்டினால் போதும். பல்லேபொல பெண்கள் சங்கத்தின் முகாமையாளரான சுதர்சினிக்கு அது போதாது. கறுவா, மிளகு, சாதிக்காய் சேர்த்துச் சங்கத்துப் பெண்கள் பக்குவம் கண்ட தேயிலைக் கலவை அந்த ஒரே டின்னில்தான் இருந்தது. குடித்துப் பார்க்காமல் எந்தத் தலைவரும் ஓடர் தரமாட்டார். ஓடர் இல்லையென்றால், பழையபடி தோட்டத்துச் சரக்கை ஈரத்தோடு அள்ளி வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

சிவநந்தினி மாத்தளைப் பொலிஸில் இன்ஸ்பெக்டர். பதவி உயர்வுக்குத் தேவைப்பட்டதால் படிக்க வந்தவள். சந்தைப்படுத்தலில் அவளுக்குத்தான் வகுப்பிலேயே குறைந்த புள்ளி. விடைத்தாளைத் திருப்பித் தரும்போது, "இது வியாபாரத் திட்டமா, குற்றப்பத்திரிகையா?" என்று விரிவுரையாளர் இராசமாணிக்கம் எல்லாருக்கும் கேட்கக் கேட்டிருந்தார். இப்போது அவரே கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"இன்ஸ்பெக்டர் மிஸ், சத்தமில்லாம முடிச்சுத் தருவீங்களா? பீடத்தோட மானம் போயிரும்."

"மானத்தை அப்புறம் பார்ப்போம் சேர். முதல்ல டின்."

பைகள், அலுமாரிகள், கட்டிலடிகள் எல்லாவற்றையும் தேடியாயிற்று. டின் பங்களாவுக்குள் இல்லை. தேநீர் இடைவேளைக்கு முன் அது பையில்தான் இருந்தது. இடைவேளையில் எல்லாரும் முன் விறாந்தையில் குழுப் படத்துக்கு நின்றார்கள். படத்தில் இல்லாதவர்கள் மூன்று பேர்.

ரமணன், மாத்தளை நகரத்தில் வாசனைத் திரவிய வியாபாரி. பல்லேபொல சரக்கை இத்தனை காலம் வாங்கியவர் அவர்தான். "தலை சுத்திச்சு. குளிசையைப் போட்டுட்டு படுத்துட்டேன்," என்றார். "வெளியவா? இந்த மழையிலயா? இரத்தம் உறிஞ்சுற அட்டைன்னா எனக்கு உயிரே போயிரும். வந்ததுல இருந்து நான் புல்லுல கால் வைக்கல."

ஷிஃபான், பலாபத்வலையில் வங்கிக் கிளை முகாமையாளர். அவருடைய வெள்ளைக் காலுறை கணுக்காலில் சிவந்து ஊறியிருந்தது.

"வெளிய போனீங்க."

"போனேன் மிஸ். பக்கத்து வேலியோரம் மட்டும்தான் சிக்னல் வருது. வீட்டுக்கு எடுத்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"அட்டைதான் பார்த்திச்சு." சொல்லிவிட்டு அவரே முகம் வாடினார். "வல்லாஹி, டின்னை நான் தொடல்ல."

மூன்றாமவர் ஜீவராஜ், அடுத்த மலைத் தேயிலைத் தோட்டத்தின் சின்னத்துரை, அதாவது உதவி முகாமையாளர். சப்பாத்து மின்னியது, காற்சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. "அறையில பேசிப் பழகிக்கிட்டிருந்தேன். வாசப்படி தாண்டல. பாவம் மிஸ் அந்தப் பிள்ளை. வேணும்னா எங்க தோட்டத்துல ஆள் கூப்பிட்டுத் தேடச் சொல்லவா?"

வகுப்பு முழுவதும் ஷிஃபானின் காலுறையையே பார்த்தது. இராசமாணிக்கமும் பார்த்தார். சிவநந்தினி கை கழுவப் போனாள்.

அங்கே இருந்த சந்தன சோப்பின் உறையை அன்று காலை பிரித்தவள் அவள்தான். கை மட்டும் கழுவிவிட்டு வைத்தது. இப்போது அதன் ஒரு பக்கம் வழித்தெடுத்தாற்போலத் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடத்தில் ஈரம் இல்லை. குட்டை மயிர்கள் இரண்டு மூன்று ஒட்டியிருந்தன.

அவள் பின்வாசலுக்கு நடந்தாள். விரித்துவைத்த பங்களாக் குடையிலிருந்து இன்னும் நீர் சொட்டியது. பங்களாச் சமையற்காரர் சின்னப்பிள்ளை தரையைத் துடைத்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க சின்னப்பிள்ளை?"

"வெறும் தண்ணியிலதாங்க துடைக்கிறேன். நுரை நுரையா வருது. படிச்சவங்க நடந்தா தரையே நுரைக்கும் போல."

சிவநந்தினி சிரித்தாள். படிக்குக் கீழே புல்வெளி. அதற்கப்பால் ஏலக்காய்ச் செடிகள் இருட்டாக இறங்கின. அவற்றின் அடியில் பாழடைந்த பம்பு அறை ஒன்றின் தகரக் கூரை தெரிந்தது.

பதினொன்றரைக்கு அவள் மூன்று பேரையும் விறாந்தை விளிம்புக்கு அழைத்தாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர்.

"சப்பாத்தைக் கழட்டி, முழங்கால் வரைக்கும் சுருட்டுங்க."

"இதென்ன மிஸ், கோயிலா, கால் கழுவிட்டு உள்ள போக?" என்றார் ஜீவராஜ்.

"பிரசாதம் கடைசியில தாறேன்."

ரமணனின் காலில் தண்ணீர் தண்ணீராகவே வழிந்தது. ஷிஃபானின் காலில் சிவப்பாக வழிந்தது. வகுப்பு மூச்சைப் பிடித்தது. சிவநந்தினி நிற்காமல் ஜீவராஜின் முழங்காலில் ஊற்றினாள். கெண்டைக்காலெங்கும் வெள்ளையாய் நுரை பொங்கி இறங்கியது. சந்தன வாசம் விறாந்தை முழுக்கப் பரவியது.

"காலையில குளிச்சேன்," என்றார் ஜீவராஜ்.

"குளிச்சா சோப்பைக் கழுவிவிட மாட்டீங்களா சின்னத்துரை?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க எல்லாரும் அட்டை கடிச்ச காலைப் பார்த்தீங்க. நான் கடிக்காத காலைத் தேடினேன். டின்னை எடுத்தவர் சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு, குடை பிடிச்சு, பின்வாசலால இறங்கிப்போய் நனைஞ்ச காலோட திரும்பினார். அந்தத் தரை நுரைக்குது. அட்டை ஏறாம இருக்க, போகும்போதே காலெல்லாம் சோப்பு பூசியிருந்தார்னு அர்த்தம். கழுவுறதுக்கு எடுத்த சோப்பு ஈரமா இருக்கும். இது காய்ஞ்ச காலில தேய்ச்ச சோப்பு. ஷிஃபான் பூசியிருந்தா அவரை அட்டை கடிச்சிருக்காது. ரமணன் ஐயாவுக்கு அட்டைன்னா பயம், ஆனா புல்லுப் பக்கமே போகாதவருக்கு சோப்பு எதுக்கு? மழையில காட்டுக்குள்ள இறங்குறதுக்கு முன்னால யோசிக்காமலே கை சோப்புக்குப் போறது தோட்டத்து ஆளுக்குத்தான். எனக்கும் போகும். நான் பிறந்தது தோட்டத்து லயத்துல."

ஜீவராஜ் நுரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கு ஒரு நாள்தான் மிஸ். நாளைக்குத் திருப்பிக் குடுத்திருப்பேன். என்னோட திட்டம் முதலாவதா வந்தா பெரியதுரை வேலை தாறதா எங்க தோட்டக் கம்பனியில சொல்லியிருக்காங்க. அந்தத் தேயிலையைக் குடிச்சா என்னோடதை யார் கேப்பாங்க?"

"நாளைக்கு இவங்களுக்கு ஓடர் யார் குடுப்பாங்க?"

அவர் சுருட்டிய காற்சட்டையை மெல்ல இறக்கினார்.

"சோப்பு பூசிக்கிட்டு முற்றத்துக்கு யாரும் போறதில்ல. பம்பு அறைதானே?"

அவர் தலையசைத்தார். சின்னப்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். திரும்பி வந்தபோது அவர் அக்குளில் பச்சை டின் இருந்தது, மூடி திறக்காமல்.

தலைவர் வந்தார். சின்னத்துரையின் இருக்கை வெறுமையாக இருந்தது. அவருடைய காரியத்தைப் பீடம் விசாரிக்கும் என்று இராசமாணிக்கம் அறிவித்துவிட்டார். சுதர்சினி ஒரு படமும் காட்டவில்லை. ஊற்றிக் கொடுத்தாள். தலைவர் ஒரு மிடறு குடித்தார். கோப்பையை வைத்தார். மறுபடி எடுத்து அடிமண்டி வரை குடித்தார்.

"இன்னொண்டு இருக்கா?" என்றார். இரண்டாவது கோப்பை முடியுமுன்னே, சித்திரையிலிருந்து மாதாமாதம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். சுதர்சினியை முந்திக்கொண்டு "முடியும்" என்று வகுப்பே சொன்னது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் ஷிஃபான்.

"இதை வகுப்புல பாடமா வைக்கப்போறேன்," என்றார் இராசமாணிக்கம், சிவநந்தினியிடம்.

"வைங்க சேர். அந்தக் குற்றப்பத்திரிகைக்கும் புள்ளி போட்டுருங்க."

சுதர்சினி கைபேசியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். பல்லேபொலவில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். சிக்னல் வேலியோரம் மட்டும்தான்.

"நில்லு பிள்ளை," என்று சிவநந்தினி தேய்ந்த சந்தன சோப்பை நீட்டினாள். "பூசிட்டுப் போ."

"கடிச்சா கடிக்கட்டும் அக்கா," என்று கத்திக்கொண்டே அவள் மழைக்குள் இறங்கினாள்.