உள்ளிருந்து போன பதில்

நிரூஜன் உலைக்கு வெளியே நின்று இரண்டு தடவை தட்டினான். உள்ளே தனியாக நின்ற எமில் இடுப்பிலிருந்த சுத்தியலை எடுப்பதற்குள், உள்ளிருந்து இரண்டு தட்டல் பதிலாகப் போய்விட்டது.

எதிரொலி என்று மனதைத் தேற்றவும் வழியில்லை. அந்தப் பன்னிரண்டு மீட்டர் உலையின் கூரை, சுவர், கதவு எல்லாவற்றையும் வெள்ளைப் பீங்கான் இழைக் கட்டிகளால் அடுக்கி மூடியவனே எமில்தான். பஞ்சு போன்ற அந்த இழை வெப்பத்தைத் தடுப்பதோடு நிற்காது, சத்தத்தையும் விழுங்கிவிடும். காலையில் கதவு திறந்திருந்தவரை பாபடோயிட்டோய் ஊருக்கு மேலாகப் போகும் விமானங்களின் இரைச்சலாவது கேட்டது. கதவை மூடிய பிறகு முகமூடிக்குள் அவனுடைய மூச்சும், ரப்பர் வாடையும், கழுத்தில் தூசியின் அரிப்பும்தான் துணை. கத்தினாலும் கேட்காது என்பதால் முன்சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயில் தட்டித்தான் கதைப்பார்கள். வெளியே இருந்து இரண்டு என்றால், சுகமா? உள்ளிருந்து இரண்டு என்றால், சுகம். உள்ளிருந்து மூன்று என்றால், வேலை முடிந்தது, பின்துவாரத்தால் வெளியேறுகிறேன்.

உள்ளே ஆள் இருக்கும்வரை உலைக்கு மின்சாரம் போகாதபடி மின்பெட்டியில் அவனவன் பூட்டுத் தொங்க வேண்டும், திறப்பு அவனவன் பையில் இருக்க வேண்டும். அதுதான் சட்டம். ஆனால் நிரூஜன் எமிலின் மனைவி டோறினின் தம்பி. சொந்த மச்சானிடம் என்ன சட்டம்? அன்று பெரிய வியாழன். மகள் இவோன் பின்னேரப் பூசையில் பாட இருந்தாள், எல்லோருக்கும் அவசரம்.

"அத்தான், உங்கட திறப்பையும் தந்திட்டுப் போங்கோ," என்றிருந்தான் நிரூஜன். "நீங்கள் மூண்டு தட்டினோடன ரெண்டு பூட்டையும் கழட்டி, உலையைப் போட்டிட்டுக் காரை எடுக்கிறன்."

எமில் யோசிக்காமல் கொடுத்துவிட்டான். நான்கு நாள் விடுமுறையில் உலை தானாகவே ஆயிரம் பாகை வரை சூடேறிப் பதப்படும். செவ்வாய்க்கிழமை வந்து கதவைத் திறந்தால் போதும்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டி. பின்துவாரத்தால் தவழ்ந்து போய், வெளியே நின்று அதைச் செருகி, அதை இறுக்கிக் கட்டியிருக்கும் நாடாவை வெட்ட வேண்டும். வெட்டியதும் கட்டி உப்பி, இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அந்தப் பதிலைப் பற்றி நினைக்கக் கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. பயந்துதான் போயிருந்தான். வெளியே போய் மச்சானிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பின்பக்கம் நடந்தான்.

துவாரம் இல்லை.

வெறும் வெள்ளைச் சுவர். கட்டிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன, நகம் நுழையாது. காலடியில் வெட்டிய நாடா ஒன்று கிடந்தது. யாரோ உள்ளே நின்று வெட்டியிருந்தார்கள்.

முன்சுவருக்கு ஓடினான். அங்கேயும் வெள்ளை. குழாய் இருந்த இடத்தை இழை மூடியிருந்தது. சுத்தியலால் அடித்தான். சத்தமே எழவில்லை. மச்சானின் பெயரைச் சொல்லிக் கத்தினான். குரல் முகமூடியைத் தாண்டவில்லை.

வெளியே இருந்து இரண்டு தட்டல்.

"இல்லை. சுகமில்லை. திறவடா!"

சுவருக்குள்ளிருந்து இரண்டு தட்டல் பதில் சொன்னது. நிதானமாக. அவன் தட்டுவது போலவே.

சுத்தியலை எறிந்துவிட்டு இழையைக் கையால் பிய்த்தான். கொத்துக் கொத்தாக. முழங்கை வரை போனது. இழையின் கனம் ஒரு சாண்தான், அதற்குப் பின்னால் இரும்புத் தகடு இருக்க வேண்டும். அவனே அளந்து அடித்தது. தோள் வரை போனது. இன்னும் இரும்பு வரவில்லை. உள்ளே இழை மெல்ல உப்பி அவன் கையைச் சுற்றி இறுகியது. இழுத்தான். வரவில்லை.

விரல் நுனியில் ஏதோ பட்டது.

சூடான தோல். முட்டி. மடக்கிய விரல்கள். சுத்தியல் பிடி.

அவன் விரல்களின் கீழே அந்தக் கை அசைந்தது.

ஒன்று.

இரண்டு.

"வேண்டாம்," என்றான் எமில்.

மூன்று.

வெளியே இரண்டு பூட்டும் கழலும் அளவு நேரம் போனது. பிறகு கூரையில் உலையைச் சூடேற்றும் கம்பிச் சுருள்கள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுக்கத் தொடங்கின. புது இழை கருகும் வாடை முகமூடிக்குள் வந்தது.

சுவருக்குள் இருந்த கை சுத்தியலைக் கீழே விட்டது. பிறகு அவனுடைய விரல்களைப் பற்றிக்கொண்டது.