முதலாளியின் தலையும் சொல்லாத வரியும்

மதியம் ஒன்று நாற்பதுக்கு முதலாளியின் தலை காணாமல் போனது தெரியவந்தது. உடம்பு பத்திரமாகத்தான் இருந்தது. அது அப்போதுதான் வெளியே சாப்பிட்டு முடித்து, பல்லைக் குத்தியபடி மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது.

பயப்பட வேண்டாம், போனது பீங்கான் தலை. பரீட்சைக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் போடும் பதிப்பகம் அது. ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட, முதலாளி தன்னையே கழுத்து வரைக்கும் சிலையாகச் செய்யச் சொல்லியிருந்தார். அடியில் ‘ஊழியர்களின் அன்புப் பரிசு’ என்று எழுதச் சொன்னதும் அவரேதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு விருந்தாளிகள் முன்னிலையில் திறப்பு விழா. அதுவரை அவருடைய அறையில், அலமாரிக்கு மேலே, நீலத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். இப்போது துணி இருந்தது, தலை இல்லை.

முதலில் பார்த்தவள் சாவியக்கா. ஆபீஸைப் பெருக்கித் துடைத்து, டீ போட்டு, எல்லாப் பூட்டுக்கும் சாவி வைத்திருப்பவள். துணியைச் சரிசெய்யலாம் என்று கதவைத் திறந்தவள், “ஐயோ, ஐயாவோட தலையக் காணோமே!” என்று போட்ட கூச்சலில், படியேறிக்கொண்டிருந்த முதலாளி தன் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விஷயம் புரிந்ததும் அவருக்கு வந்தது பாருங்கள் கோபம்!

“ரூம் பூட்டியிருந்துச்சு. சாவி யார்கிட்ட? உன்கிட்ட. அப்ப திருடினது யாரு? நீதான்!”

“ஐயா, சாவிக்கொத்த எப்பவும்போல டீ ரூம் ஆணியிலதாங்க மாட்டியிருந்தேன். சாப்பாட்டு நேரத்துல கீழ தண்ணி கேன் வாங்கப் போயிட்டேன். யார் வேணா எடுத்திருக்கலாமே?”

“அதையெல்லாம் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு.”

இரண்டு மணிக்கு ஏட்டு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னாலேயே, பல் டாக்டரிடம் போயிருந்த வினாக்காரியும் வந்தாள். ஊசி போட்டதில் அவளுக்கு ஒரு பக்கக் கன்னம் மரத்துப் போயிருந்தது.

வினாக்காரி என்பது ஆபீஸ் வைத்த பெயர். பத்தியைக் கொடுத்து, ‘இதன் மையக்கருத்து யாது?’ என்று கேள்வி போடுவதுதான் அவளுக்கு வேலை. சில பத்திகளில் அது முதல் வரியிலேயே இருக்கும், சிலவற்றில் கடைசி வரியில், சிலவற்றில் எந்த வரியிலும் இருக்காது. எல்லா வரியும் சேர்ந்து மறைமுகமாக எதைச் சொல்கிறது என்று பிள்ளைகள்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலாளிக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. “பத்தியில இல்லாத பதிலை எப்படிம்மா கேக்கற? அச்சுப் பிழைன்னு நினைச்சு எனக்குப் போன் பண்ணித் திட்டறாங்க!” என்று அன்று காலையில்கூடப் புலம்பியிருந்தார்.

சாவியக்கா வினாக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திருடின்னு ஒரு தடவ பேர் வாங்கிட்டா, அப்புறம் எந்த ஆபீஸ்லம்மா என்ன உள்ள விடுவாங்க? ஒன்பது வருஷம்மா! ஒரு ஸ்பூன் காணாமப் போயிருக்குமா?”

அக்காவை வினாக்காரிக்கு ரொம்பப் பிடிக்கும். நேராக முதலாளியின் அறைக்குள் போய்க் குனிந்தாள். மேஜைக்குக் கீழே விரலை வைத்து இழுத்தாள், தூசி. கதவோரம் இழுத்தாள், தூசி. அலமாரிக்குக் கீழே இழுத்தாள். விரல் சுத்தமாக இருந்தது.

“அக்கா, இன்னிக்கு இங்க பெருக்கினீங்களா?”

“எங்கம்மா? தலை இருக்கிற ரூமுக்குள்ள தொடப்பம் வரக்கூடாதுன்னு ஐயா நேத்தே சொல்லிட்டாரே.”

இரண்டேகாலுக்கு ஹாலில் விசாரணை ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பக்கம் இருந்தவர்கள் மூன்று பேர். ஏட்டு மூவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

“பன்னெண்டரைலேர்ந்து ஒன்றரை வரைக்கும் எங்க இருந்தீங்க? என்ன செஞ்சீங்க?”

முதலில் கணக்கர்.

“தூங்கினேன் சார். சாப்பிட்டதும் கண்ணு சொக்கிடும். அப்படியே மேஜைல சாஞ்சேன். கன்னத்தப் பாருங்க, கால்குலேட்டர் பட்டன் அச்சு இன்னும் போகல.”

பார்த்தார்கள். ஏழும் எட்டும் தெளிவாகத் தெரிந்தன.

“முதல் வரியிலயே விஷயம் வந்துடுச்சு,” என்று முணுமுணுத்தாள் வினாக்காரி.

அடுத்தது அட்டைப் படம் வரையும் பெண்.

“கீழ கடைல பன் வாங்கினேன். அங்கயே நின்னு சாப்பிட்டேன். அம்மா போன் பண்ணாங்க. அம்மா வெச்சதும் சித்தி பண்ணாங்க. சித்தி விட்டா மறுபடி அம்மா. மொத்தத்துல, நான் மேல ஏறி வரவே இல்ல சார்.”

“இவளுக்குக் கடைசி வரி,” என்றாள் வினாக்காரி.

மூன்றாவது ஆள் மேனேஜர். முதலாளியின் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. முகம் வெளுத்துப் போயிருந்தாலும் மனிதர் வாய் ஓயவில்லை.

“சாப்பிட்டு என் சீட்ல உக்காந்திருந்தேன். காதுல இயர்போன மாட்டி, பாட்ட நல்லா சத்தமா வெச்சிருந்தேன். எனக்கு ரெண்டு நாளா சளி வேற, காது ரெண்டும் அடைச்சுக் கெடக்கு. தெருவுல ரோடு தோண்டற மெஷின் கடகடன்னு ஒரே ரகளை. என் தலைக்கு மேல இருக்கிற ஃபேன் எப்பவும் லொடலொடதான். பத்தாததுக்கு நம்ம கணக்கர் விடற குறட்டை இருக்கே, அப்பப்பா!”

“யாரு, நானா?” என்று கணக்கர் எழுந்தே விட்டார்.

“பாவம், உடம்பு முடியாத மனுஷன்,” என்றார் ஏட்டு. பிறகு சாவியக்கா பக்கம் திரும்பினார். “கிளம்பும்மா, போலாம்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏட்டையா, ஒரு நிமிஷம்,” என்றாள் வினாக்காரி. “இப்ப மேனேஜர் பேசினாரே, அத்தனைக்கும் சேர்த்து ஒரு தலைப்பு வைங்க பாப்போம்.”

“சளி,” என்றார் ஏட்டு.

“சளிக்கும் ரோடு தோண்டறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அப்ப ரோடு.”

“குறட்டை?”

“அவதூறு!” என்றார் கணக்கர்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “ஆரம்பிச்சுட்டியாம்மா? என் தலை போனது பத்தாதா? அவன் என்ன சொன்னானோ அதுதான் விஷயம்.”

“அவர் சொல்லாதது ஒண்ணு இருக்கு சார். ஏட்டையா என்ன கேட்டார்? எங்க இருந்தீங்க, என்ன செஞ்சீங்கன்னு. அதுக்கு இவர் ஒரு வரிதான் பதில் சொன்னார். மிச்ச வரியெல்லாம் பாருங்க. இயர்போன், காது அடைப்பு, மெஷின், ஃபேன், குறட்டை. எல்லாம் சேர்ந்து என்ன சொல்லுது? ‘எனக்கு அந்தச் சத்தம் கேக்கல.’ ”

மரத்த கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் மைத்துனரைப் பார்த்தாள்.

“எந்தச் சத்தம் சார்?”

மைத்துனர் மூக்கை உறிஞ்சப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

“நாங்க எல்லாரும் திருட்டுன்னு நினைச்சோம். திருடறவன் தூக்கிட்டுப் போவான், அதுல ஏது சத்தம்? கீழ விழுந்து உடைஞ்சாதானே சத்தம் வரும்! அலமாரிக்குக் கீழ மட்டும் யாரோ துளி தூசிகூட இல்லாம பெருக்கி எடுத்திருக்காங்க. அக்கா இன்னிக்கு அங்க பெருக்கவே இல்ல. தலை உடைஞ்சதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். கணக்கர் பாதித் தூக்கத்துல எதையாவது கேட்டிருப்பாரோன்னு பயந்து, யாரும் கேக்காத கேள்விக்கு முந்திக்கிட்டுப் பதில் சொல்லிட்டீங்க.”



“டேய் மச்சான்...” என்றார் முதலாளி.

“வண்டி டிக்கில இருக்கு மாமா,” என்றார் மைத்துனர்.

“ஏன்டா அங்க போன?”

“என்னையும் பார்ட்னரா சேத்துக்கங்கன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. நேர்ல கேட்டா கத்துவீங்க. அதான், முதல்ல சிலைகிட்ட பேசிப் பழகலாம்னு... ‘மாடா உழைக்கிறேன் மாமா’ன்னு கைய நீட்டினேனா, பட்டுடுச்சு.”

“சிலை என்ன சொல்லிச்சு?” என்று கேட்டாள் அட்டைப் படப் பெண். முதலாளி முறைத்ததும் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

மூன்று மணிக்கு டிக்கியிலிருந்து ஒரு துணிப்பை வந்தது. உள்ளே முதலாளி சில்லு சில்லாகக் கிடந்தார். மூக்கு மட்டும் முழுசாக இருந்தது. “இத எப்படி எழுதறது? காணாமப் போனது கிடைச்சுதுன்னா, காலமாயிடுச்சுன்னா?” என்று ஏட்டு உண்மையாகவே குழம்பினார். கடைசியில் ஒன்றும் எழுதாமல் ஒரு டீ கேட்டார்.

டீ வரவில்லை. டீ போடுகிறவள் மைத்துனருக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஆபீஸில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“நான் அழுதப்ப பாத்துட்டுதானே நின்னீங்க?” என்று கேட்டாள்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். பையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அக்காவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

“மணி மூணாகுது. சாப்பிட்டியா நீ? அந்தத் தண்ணி கேன் ரொம்ப கனம், இனிமே மேல தூக்கிட்டு வர ஆள் வெச்சுக்கலாம். நாளைக்கு வேணா லீவு எடுத்துக்க. ஒன்பது வருஷமா இந்த ஆபீஸ் பளிச்சுனு இருக்குன்னா அதுக்கு யாரு காரணம்? எனக்கும் வயசாகுது, பட்டுனு கோபம் வந்துடுது.”

வினாக்காரி குனிந்து அக்காவின் காதில் கேட்டாள். “ஐயா என்ன சொல்றார்னு புரியுதா?”

“புரியாம என்னம்மா? நல்லாவே புரியுது,” என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. “ஆனா என்னத் திருடின்னு சொன்னப்ப சுத்தி வளைச்சா சொன்னாரு? மூஞ்சிக்கு நேராத்தானே சொன்னாரு? இதையும் நேரா சொல்லட்டும்.”

முதலாளி இந்தத் தடவை அக்காவை நேராகப் பார்த்தார். ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ திருடலம்மா. நான்தான் விசாரிக்காம பழி போட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடு.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

“சரிங்க ஐயா,” என்றாள். “அடுத்தது உங்க மச்சான்.”