முடிவுக் குறி இல்லாத அடி

பொத்தானை அழுத்தியதும் தொலைக்காட்சியிலிருந்து அடி விழும் சத்தம் வந்தது. அந்தக் கால் நொடிக்கு மட்டும் வெளியே பெய்துகொண்டிருந்த மழையின் சத்தம் இல்லாமல் போனது.

அவள் தன் காதைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். எப்போதும் அப்படித்தான். மாலை வகுப்பில் சேர்ந்த நாள் முதல் எழுதிவரும் நோட்டை எடுத்து, 'ஞாயிறு, மதியம் மூன்று நாற்பது. மழை நின்று நின்று கேட்கிறது. தூக்கம் போதவில்லையோ?' என்று எழுதினாள். இரண்டாவது முறை அழுத்தினாள். மூன்றாவது முறை ஜன்னலைப் பார்த்தபடியே அழுத்தினாள். துளிகள் கண்ணாடியில் மோதி உடைந்து வழிந்தன, எதிர்வீட்டுத் தகரக் கூரையில் பட்டுத் தெறித்தன, மேலே மின்விசிறி சுற்றியது, எதிலும் சத்தமில்லை. அடி ஓய்ந்ததும் எல்லாம் மறுபடி கேட்டன.

வகுப்பில் கொடுத்த வேலை, பழைய வீடியோ கேம் கன்சோல் ஒன்றுக்குச் சத்தங்களை எழுதுவது. நாளை மாலை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் நான்கே குரல்கள்: மெட்டுக்கு இரண்டு, தாழ்ந்த சுருதிக்கு ஒன்று, வெறும் இரைச்சலுக்கு ஒன்று. பாட்டின் மேளமும் அந்த ஒரே இரைச்சலில்தான், சண்டையில் விழும் அடியும் அதில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்று வாயை மூட வேண்டும். எது என்பதை அதற்குக் கொடுத்த எண் தீர்மானிக்கும். பெரிய எண் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது முடிந்து விலகியதும் மற்றது திரும்ப வரும். மேளத்துக்கு அவள் இரண்டு கொடுத்திருந்தாள். அடிக்கு இருநூற்று ஐம்பத்தைந்து. அந்தப் பெட்டிக்கு அதற்கு மேல் எண் தெரியாது.

"திரும்ப வர்ற சத்தம் விட்ட இடத்துல இருந்து வரணும்," என்று போன வாரம் ஆசிரியை சொல்லியிருந்தார். "உங்களோடது முதல்ல இருந்து ஆரம்பிக்குது. முடிஞ்சா மறுபடியும் முதலுக்கே போயிடுது. சரி பண்ணுங்கம்மா."

அதையும் நோட்டில் குறித்திருந்தாள். இன்னும் சரிசெய்யவில்லை.

படியேறி அண்ணன் வந்தான். இறைச்சிக் கடையில் எலும்பு வெட்டுகிறவன்; அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். கைகளைத் துண்டில் துடைத்தபடி வாசலில் சாய்ந்து நின்று கேட்டான்.

"இதுவா அடி? கொசு அடிக்கிற மாதிரி இருக்கு."

"நீயே வந்து எழுதேன்."

"எழுத வந்தா நான் ஏன் எலும்பு வெட்டறேன்? கேளு வாண்டு. எலும்பு உடையறப்போ முதல்ல காஞ்ச சத்தம். டக்குனு. அதுக்கப்புறம்தான் ஈரம். நீ ரெண்டையும் போட்டுக் குழப்பி வெச்சிருக்கே."

"கீழ போ. உன் கை நாறுது."

"நாறுற கைதான் உனக்குக் காபி போடப்போகுது," என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

அவன் சொன்னது சரிதான் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு சத்தம் என்பது பெட்டி வரிசையாகப் படிக்கிற எண்களின் அட்டவணை. கடைசி வரியில் முடிவுக் குறி ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிந்தது என்று பெட்டிக்குத் தெரியாது, அடுத்து நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதையும் சத்தமாகப் படித்துக்கொண்டே போகும். அவள் பழைய அட்டவணையின் பின்பாதியை மொத்தமாக அழித்து, முதலில் காய்ந்ததை எழுதினாள், பிறகு ஈரத்தை எழுதினாள். எண்களை மூன்று முறை சரிபார்த்தாள். மூன்று முறையும் எண்களை மட்டும். மடிக்கணினியிலிருந்து கன்சோலுக்கு அனுப்பினாள்.

கீழே கரண்டி கோப்பையில் மோதியது. "ஏய் வாண்டு, காபி ஆ—" என்று அண்ணன் கூப்பிட்டபோது பொத்தானை அழுத்தினாள்.

டக். பிறகு ஈரம்.

அவன் குரல் நின்றது. மழை நின்றது. விசிறி ஊமையாகச் சுற்றியது.

டக். ஈரம். டக்.

ஓயவில்லை. ஒவ்வொன்றும் வேறாக இருந்தது, அவள் எழுதாத ஆழத்தில். அட்டவணையின் கடைசி வரியைப் பார்த்தாள். குறி இல்லை. சரி, அவ்வளவுதானே என்று கன்சோலின் வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

டக்.

அது தொலைக்காட்சியிலிருந்து வரவில்லை. கீழிருந்து வந்தது.

படிகளில் ஓடினாள். தன் பாதம் விழுவது அவளுக்கே கேட்கவில்லை. சமையலறைக் கதவு, மழைக்காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க அவன் எப்போதும் செய்வதுபோல், உள்ளே தாழிட்டபடி இருந்தது. அதன் மேல்பாதிக் கண்ணாடி வழியே பார்த்தாள். மேடையில் இரண்டு கோப்பைகள், ஆவி. தரையில் அண்ணன். வேறு யாரும் இல்லை. தீட்டிய கத்திகள் ஆணிகளில் அசையாமல் தொங்கின.

டக். மூட்டே இல்லாத இடத்தில் அவன் முழங்கைக்குக் கீழே கை மடங்கியது. பிறகு ஈரம், தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை முனை வெளியே வந்தது. அவன் வாய் கிழியும் அளவுக்குத் திறந்திருந்தது. அலறுகிறான். ஒன்றும் கேட்கவில்லை.

அவள் கண்ணாடியை உடைத்தாள், ஓசையின்றி உடைந்தது; கை விட்டுத் தாழை நீக்கி, அவன் தோளைப் பற்றி இழுத்தாள். அடுத்த அடி அவள் வலது கையின் மேல் விழுந்தது. இரண்டு விரல்கள் பின்பக்கமாகப் படுத்தன. தொண்டை எரிய அலறினாள். அதற்கும் சத்தமில்லை.

இருநூற்று ஐம்பத்தைந்து. அதற்கு மேல் எண் இல்லை.

அண்ணனின் கண்கள் கூரையை, மாடியைப் பார்த்தன. உதடுகள் அசைந்தன. நிறுத்து.

மேலே ஓடினாள். வயரைச் செருகினாள். இடது கை. கடைசி வரி.

டக்.

தவறான விசை. அழித்தாள். மறுபடி அடித்தாள்.

டக். ஈரம்.

விலாவாக இருக்கும். எண்ணாதே.

டக்.

அனுப்பினாள். பொத்தான்.

ஒரே ஓர் அடி. ஓய்ந்தது.

மழை மொத்தமாக வந்து விழுந்தது. விசிறி இரைந்தது. கண்ணாடி உடைவது கேட்டது. பிறகு அவளுடைய அலறல் முதலிலிருந்து தொடங்கியது. அவள் வாய் மூடியிருந்தது.

கீழே கரண்டி கோப்பையில் மோதியது.

"ஏய் வாண்டு, காபி ஆறுது, கீழ வா."

தெளிவான, கேலியான குரல். உயிரோடு இருக்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வரேண்ணா, இதோ வரேன்," என்று இறங்கினாள்.

பாதிப் படியில் கரண்டி மறுபடி மோதியது.

"ஏய் வாண்டு, காபி ஆறுது, கீழ வா."

அதே இழுப்பு. 'கீழ' என்பதற்கு முன் அதே சின்ன மூச்சு.

வாசலில் நின்றாள். கோப்பைகளிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. ரத்தம் அடுப்பு மேடையின் அடிவரை போயிருந்தது. அவன் மார்பு அசையவில்லை. மூக்குக்குக் கீழே முகம் இல்லை. தாடை உடைந்து கழுத்துக்குள் இறங்கியிருந்தது, பற்கள் சட்டைக் காலரில் சிதறிக் கிடந்தன.

மேலே அவள் அலறல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

கரண்டிகள் இரண்டும் கோப்பைகளில் அசையாமல் நின்றிருந்தன. கோப்பையில் கரண்டி மோதும் சத்தம் கேட்டது.

"ஏய் வாண்டு," என்றது அந்த முகத்தின் பக்கமிருந்து குரல், "காபி ஆறுது, கீழ வா."