குளிக்காத பிணம்

போன் அலறியது.

"மனாங் பெபாங்... உங்க கரண்ட் ஒரு ஆளைக் காலி பண்ணிடுச்சு. கிளம்பி வாங்க."

பேசியவர் சார்ஜென்ட் டுமலாவ். பெபாங் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மனாங் என்றால் அக்கா. அக்கா என்று கூப்பிட்டுவிட்டு விலங்கு மாட்டுவது பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரப் போலீஸின் மரியாதை!

செத்தவர் எலுதேரியோ. ஊரில் ஓடும் ஜீப்னி என்கிற குட்டி பஸ்களில் பாதிக்கு முதலாளி. முழங்கால் வலியால் வருஷக்கணக்கில் நாற்காலியோடு ஒட்டிக் கிடந்தவர். இன்று மதியம்தான் பெபாங்கின் பிசியோதெரபி நிலையத்தில் கைப்பிடி இல்லாமல் படியேறிக் காட்டினார். கால் வந்துவிட்டது, இனி வீட்டை எதற்கு விற்கணும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

பெபாங் போய்ச் சேர்ந்தபோது தன் வீட்டுக் குளியலறையில் மல்லாந்து கிடந்தார். உடம்பெல்லாம் ஈரம். பின்மண்டையில் ரத்தம்.

கதவருகே நின்றான் மகன் ப்ரெண்ட். கைக்குழந்தையாகக் கனடா போனவன். வீட்டை விற்றுக் காசாக்க இப்போதுதான் வந்து இறங்கியிருந்தான்.

"அப்பா தெரபி முடிஞ்சு வந்ததும் குளிக்கப் போனார் சார்ஜென்ட். ஷவர் சத்தம் கேட்டுச்சு... அப்புறம் தடால்னு ஒரு சத்தம். இவங்க குடுத்த ஷாக்குல கால் மடங்கிடுச்சு. வலி முட்டியில, இவங்க கரண்ட் வெக்கிறது தொடையில. இதுக்குப் பேரு வைத்தியமா?"

பெபாங்குக்குச் சுர்ரென்று ஏறியது.

முட்டியைத் தாங்கிப் பிடிப்பதே தொடைச் சதைதான். வலிக்குப் பயந்து நடக்காமல் விட்டால் அது தூங்கிப்போகும். தொடையில் பட்டையை ஒட்டி மெல்லிய மின்சாரம் விட்டால் சதை தானாக இறுகும். அதோடு சேர்ந்து நோயாளியும் இறுக்க வேண்டும். பிறகு காலைத் தூக்கும் பயிற்சி, படிப் பயிற்சி. மின்சாரம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா படுத்திருப்பவர்களை அவள் திட்டித் தீர்த்துவிடுவாள்.

ஆனாலும் ஒரு சந்தேகம். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டேனோ? லைசென்ஸ் போகும்... நிலையத்துக்குப் பூட்டு... ஜெயில்!

ஒரு தடவை அவரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கெஞ்சினாள். சந்தேகத்தில் இருப்பவர்கள் பிணத்தை நெருங்கக்கூடாது என்றார் டுமலாவ். டாக்டர் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மூக்கில் விரல் வைத்துப் பார்த்து மரணத்தை அறிவித்தவரே சார்ஜென்ட்தான்.

பெபாங் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். ஈரக் கால்கள்.

ஈரம்...?

"சார்ஜென்ட், ஒரு கேள்வி. சூட்டு ஒத்தடம், கரண்ட், படிப் பயிற்சி எல்லாம் முடிச்சு, கால் சுடச்சுட வீட்டுக்கு வர்றீங்க. உடனே குளிப்பீங்களா?"

டுமலாவ் பதறிப்போனார். "பஸ்மா வந்துடுமே மனாங்! நரம்பு முறுக்கிக்கும், கை கால் உதறும். எங்கம்மா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க."

உழைத்துச் சூடேறிய உடம்பில் தண்ணீர் பட்டால் பஸ்மா. பாடப் புத்தகத்தில் இல்லாத நோய். ஊரில் அதற்குப் பயப்படாத ஆளும் இல்லை. அதெல்லாம் சுத்தப் பேத்தல் என்று நோயாளிகளோடு நித்தமும் மல்லுக்கட்டுகிறவள் பெபாங். இன்று அதைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

எலுதேரியோ இந்த விஷயத்தில் ஊரையே தூக்கிச் சாப்பிட்டவர். தெரபி முடிந்தால் மறுநாள்வரை முகம்கூடக் கழுவமாட்டார். மழை தூறினால் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார்.

"அந்த மனுஷன் தானா போய் ஷவருக்கு அடியில நின்னாரா? இந்த ஊர்க் களவாணி எவனும் இப்படி ஒரு பொய் சொல்லமாட்டான் சார்ஜென்ட். அடுத்த தேசத்துல வளர்ந்தவன்தான் சொல்லுவான்."

ப்ரெண்டின் முகம் வெளுத்தது. "மூடநம்பிக்கையெல்லாம் ஒரு சாட்சியா? ஜட்ஜ் சிரிப்பார்."

"சிரிக்கமாட்டார். அவருக்கும் முட்டிவலி. எங்கிட்டதான் வர்றார்."

வீட்டை விற்பதில்லை என்று கிழவர் மதியம் சொன்னதையும் போட்டு உடைத்தாள் பெபாங். ப்ரெண்ட் வாசலுக்குப் பாய்ந்தான். டுமலாவின் கை அவன் சட்டைக் காலரில் விழுந்தது. அப்புறம் எல்லாம் கடகடவென்று கொட்டியது. கையெழுத்துப் போட மறுத்த அப்பாவைக் கூடத்தில் பிடித்துத் தள்ளியிருக்கிறான். மண்டை மேஜையில் மோதியிருக்கிறது. குளியலறைக்கு இழுத்துப்போய் ஷவரைத் திறந்துவிட்டதும் அவன்தான்.

இனித் தடுக்க யாருமில்லை. பெபாங் மண்டியிட்டுக் கிழவரின் கழுத்தில் விரல் வைத்தாள்.

துடித்தது!

"சார்ஜென்ட்... உங்க பிணத்துக்கு நாடி ஓடுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

துண்டால் போர்த்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எலுதேரியோ மெல்லக் கண் திறந்தார். விலங்கோடு நின்ற மகனைப் பார்த்தார்.

"அப்பா... மன்னிச்சிடுங்க..."

கிழவரின் கண் கலங்கியது. "விட்டுடுங்க சார்ஜென்ட். மண்டையத்தானே உடைச்சான், பெத்த பிள்ளை..." என்று முனகியவர், தற்செயலாகத் தன் கால்களைப் பார்த்தார். சொட்டச் சொட்ட ஈரம்.

"அடப்பாவி, சூடான கால்ல தண்ணி ஊத்துனியா? சார்ஜென்ட், இவனை வெளியவே விடாதீங்க!"