கப்பல் சொந்தம்

மழை சாய்ந்து அடித்தது. அந்த பஸ்ஸில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்தான். ஜன்னலோரம் இருந்தவன் அதன் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இழுக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இழுத்தான்... பக்கத்தில் இருந்த சாதனாவின் வெள்ளை யூனிஃபார்ம் தோளிலிருந்து முழங்கால் வரை நனைந்துபோயிற்று.

ஹிந்தியில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. பொறுமை போய்விட்டது.

"மாங்கா மடையன்..." என்று தமிழில் முணுமுணுத்தாள். ஃபிஜியின் ரக்கிரக்கியில் இந்த வயசுக்காரர் எவருக்குத் தமிழ் புரியப்போகிறது? கோயிலில் பாட்டு நடத்துகிற நாகையாவின் மகள் என்பதால் அவளுக்குப் புரியும், அவ்வளவுதான்.

அவன் திரும்பினான். நனைந்த முகம், நனைந்த இமைகள். அந்தக் கண்களில் சிரிப்பு.

"மடையன்தான், ஒத்துக்கறேன். எந்தக் கயிறுன்னு சொன்னீங்கன்னா, கொஞ்சம் குறைஞ்ச மடையனா ஆயிடுவேன் சிஸ்டர்..."

ஐயோ! பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது சாதனாவுக்கு. எட்டி அவளே கயிற்றை அவிழ்த்தாள். தார்ப்பாய் தடாலென்று விழுந்தது. பஸ்ஸுக்குள் அரையிருட்டு. அவன் தோளுக்கும் அவள் தோளுக்கும் இடையில் ஒரு விரல் இடம்கூட இல்லை.

"தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள், வேறு எதையும் கேட்கத் தெரியாமல்.

"எங்கம்மா திட்டினதுல. நான் நவுவாக்காரன். எண்பத்தேழுல முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததும் எங்கப்பா எங்களை மெல்போர்னுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் வரேன். பேர் மிதுன்."

"நல்ல நேரம் பாத்தீங்க வர்றதுக்கு. டிசம்பர்ல நாலாவதும் ஆயிடுச்சு."

சிரித்தாள். ஆனால் சிரிப்பதற்குக் கூடத் தெம்பு வேண்டுமே! ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்த நர்சுகளில் பாதிப் பேர் ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் தலையில் அத்தனை வேலையும். மாதம் ஒரு வழியனுப்பு விழா... மாலை, போட்டோ, அழுகை. வர வர அழக்கூட அலுப்பாக இருந்தது. அவளும் நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். போக ஆசை என்றில்லை. இருந்து இருந்து களைத்துவிட்டாள்.

தாழ்பாலத்தின் மேல் வெள்ளம் ஏறிவிட்டது என்று டிரைவர் சதேந்திரா பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். எதிரே ஒரு ரொட்டிக் கடை. எல்லோரும் ஓடினார்கள். மிதுன் தன் பையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். கேட்காமலே! அவள் கோபப்பட நினைத்தாள், முடியவில்லை...

டீ வந்தது.

"என்ன வேலையா வந்தீங்க?"

"பரம்பரையா வர்ற புத்துநோய். அதுலதான் என் ஆராய்ச்சி. மாணவனா இருந்தப்ப ஒரு கட்டுரை எழுதினேன். இங்க ரக்கிரக்கிக் கரும்புக் குடும்பம் ஒண்ணைப் பத்தி. மார்புப் புத்து அந்த வீட்டுப் பொம்பளைங்களைத் தலைமுறை தலைமுறையாத் தொடருது. அந்தக் கட்டுரைக்கு உலகம் பூரா மேற்கோள், நூத்துக்கணக்குல."

"மேற்கோள்னா?"

"மத்த விஞ்ஞானிங்க அவங்க கட்டுரையில, 'மிதுன் இப்படிக் கண்டுபிடிச்சிருக்கார்'னு எழுதுவாங்க. எவ்வளவு பேர் எழுதறாங்களோ அவ்வளவு மதிப்பு."

"அட, கோயில்ல பேர் சொல்லி அர்ச்சனை பண்ற மாதிரியா?"

"கிட்டத்தட்ட... சுண்டல்தான் தரமாட்டாங்க."

இந்த முறை அவள் உண்மையாகவே சிரித்தாள். கன்னம் சூடாயிற்று. சே, என்ன இது, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு... என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவன் பையிலிருந்து அந்தக் குடும்பத்தின் வம்சாவளி அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தான். பேர் எதுவும் இல்லை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. மேலே இரண்டு சதுரங்கள், அண்ணன் தம்பி. அவர்களுக்குக் கீழே இரண்டு கிளைகள்.

சாதனா குனிந்து பார்த்தாள். இடது கிளையில் ஒட்டிப் பிறந்தாற்போல் இரண்டு வட்டங்கள், இரட்டையர். ஒன்று கறுப்பு. பக்கத்தில் குழந்தையிலேயே போன ஒரு பையன்... விரல் நின்றது.

"இது எங்க இந்திராவதி அத்தை!"

"என்னது?"

"போன வருஷம் செத்துப்போன எங்க அத்தை. இது அவங்க பொண்ணு ரோஷனி. இந்தப் பக்கம் எங்கப்பா... இது நான், சாதனா. எங்க பக்கம் பூரா காலியா இருக்கே!"

மிதுன் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்பது வருஷமாக அவன் கையில் இருந்த ஒரு வட்டம், ஈரக் கூந்தலோடு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

"ஆனா இது தப்பாச்சே" என்றாள் அவள். "மேல அண்ணன் தம்பின்னு போட்டிருக்கீங்க. அத்தையோட அப்பா பொன்சாமித் தாத்தாவும் எங்க வீரசாமித் தாத்தாவும் அண்ணன் தம்பி கிடையாது."

"அந்தக் குடும்பத்துலயே சொன்னாங்களே. சிட்னியில இருக்கற உங்க சித்தப்பா ஒருத்தர்..."

"சொல்லுவாங்க. ஒருத்தர் வீட்டுச் சாவுன்னா இன்னொருத்தர் மொட்டை அடிச்சுக்கக்கூடச் செய்வாங்க. ரெண்டு பேரும் மெட்ராஸ்லேருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஒரே கப்பல்ல வந்தவங்க. ஜஹாஜி. கப்பல்ல ஒண்ணா வந்தா கூடப்பிறந்தவங்க மாதிரி, பொண்ணு கூடக் குடுத்து எடுக்கமாட்டோம். ஆனா ரத்தம் வேற வேற. இதை யாரும் உங்ககிட்ட சொல்லலியா?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"என்ன ஆச்சு?"

மெல்லச் சொன்னான். இந்த நோயைக் கொண்டுவருகிற மரபணுக் குறை இருக்கிறதா என்று இந்திராவதி பக்கத்தில்தான் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நாகையா பக்கத்தில் எடுக்கவில்லை. ரத்த சொந்தம்தானே, இவர்களிலும் சிலருக்கு அந்தக் குறை இருக்கும் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டான். அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருவருக்கும் நோய் வரவில்லை. அதனால், குறை இருந்தாலும் நோய் வருவது அபூர்வம் என்று விடை வந்தது. உலகம் பூராவும் அதைத்தான் எடுத்து எழுதினார்கள்.

"உங்க பக்கத்தை எடுத்துட்டா... ஆபத்து ரொம்ப ரொம்ப அதிகம்."

சாதனா தாளில் ரோஷனியின் வட்டத்தைப் பார்த்தாள். ரோஷனிக்கு அந்தக் குறை உண்டு. அம்மா இறந்ததும் அவள் பயந்து ஓடிவந்தபோது, டாக்டர் அந்தக் கணக்கைத்தான் சொன்னார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் வராதுடி, வருஷா வருஷம் பரிசோதனைக்கு லௌடோகா ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம்" என்று தைரியம் சொன்னதும் இதே சாதனாதான்!

"உடனே மாத்தி எழுதுங்க" என்றாள். "இன்னிக்கே."

அவன் மழையைப் பார்த்தான். "அடுத்த மாசம் பேராசிரியர் பதவி முடிவாகுது. அந்தக் கட்டுரையை வெச்சுத்தான் என் பேரே. முதல்ல உங்க பக்கத்துல ரத்தம் எடுத்துச் சரிபார்த்துட்டு... முடிவு வந்தப்புறம் நிதானமா..."

"நிதானமாவா?" அவள் எழுந்துவிட்டாள். "உங்க பேரை ஆயிரம் பேர் எழுதட்டும் சார். எங்க ரோஷனி பேரைச் சொல்ல அவளுக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு. அவங்க அம்மான்னு கூப்பிட அவ இருக்கணும்."

"சாதனா, நான் சொல்ல வந்தது..."

"வேணாம். நாங்க வட்டமும் சதுரமும்தானே உங்களுக்கு!"

வெள்ளம் வடிந்ததும் பஸ் கிளம்பியது. அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். திரும்பியே பார்க்கவில்லை. அவன் கடையிலேயே நின்றுவிட்டான். கண்ணீர் வந்தது அவளுக்கு. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் ஒருத்தனைப் பிடித்துப்போகுமா? பிடித்துப்போயிருந்தது... அதுதான் எரிச்சல்.

அன்று சாயங்காலமே ரோஷனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரோஷனி நம்பவில்லை. "பெரிய பெரிய டாக்டருங்க எழுதினது தப்பு, டீக்கடையில எவனோ சொன்னது சரியா?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். பெரிய டாக்டர்கள் எல்லோரும் அந்த ஒருத்தனைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று எப்படிப் புரியவைப்பது? அவனே வாயைத் திறந்தால்தான் உண்டு. நாளும் கெஞ்சினாள். நாளும் ரோஷனி மறுத்தாள்.

வாரங்கள் போயின. நியூசிலாந்து விசா வந்தது. வழியனுப்பு மாலைக்கு இப்போது சாதனாவின் முறை. ஊரே வாழ்த்தியது. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி பெஞ்சில், வெளிநோயாளிகள் வரிசைக் கடைசியில், அவன் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

நெஞ்சு திக்கென்றது. காட்டிக்கொள்ளாமல், "என்ன உடம்புக்கு?" என்றாள்.

"தூக்கமில்ல சிஸ்டர்."

"பேராசிரியர் ஆனா தூக்கம் வருமே."

"வேற ஒருத்தர் ஆயிட்டார். மெல்போர்ன் போன உடனே கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதிட்டேன், என் கட்டுரை தப்பு, திரும்ப எடுத்துக்கறேன்னு. அதை நம்பி எழுதினவங்க ஒவ்வொருத்தருக்கும் நானே சொல்லிட்டிருக்கேன். சிலர் திட்டறாங்க. சிலர் பேசறதையே விட்டுட்டாங்க."

அவள் கையிலிருந்த சீட்டுகளைப் பெஞ்சில் வைத்தாள்.

"காலையில ரோஷனி அக்கா வீட்டுக்குப் போனேன். அவங்க முன்னாடி உக்காந்து, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் திட்டினாங்க. அப்புறம் சாப்பாடு போட்டாங்க. நாளைக்கு லௌடோகாவுக்குப் பரிசோதனைக்கு வராங்க. நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

சாதனா பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாள் கட்டிவைத்திருந்த அழுகை வந்தது. வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

"அன்னிக்கே செஞ்சிருக்கணும்" என்றான். "பயந்துட்டேன். என் பேர் போயிட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாதுன்னு பயம். இப்ப போயிடுச்சு. ரொம்பக் களைப்பா இருக்கு சாதனா... ஆனா கண்ணை மூடினா உங்க முகம்தான் வருது. கோபமா எழுந்து நின்னீங்களே, அந்த முகம். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க நியூசிலாந்து போறீங்கன்னு அக்கா சொன்னாங்க. உங்களைத் தடுக்க வரல. சொல்லாமப் போக முடியல, அவ்வளவுதான்."

"நீங்க?"

"நான் இங்கயே இருக்கலாம்னு வந்திருக்கேன். சரியா எழுத வேண்டிய குடும்பங்க இன்னும் நிறைய இருக்கு. இந்தத் தடவை வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதணும். கூட ஒரு நர்ஸ் இருந்தா நல்லது. இல்லேன்னாலும் செய்வேன்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு, அன்னிக்கே... ஆனா என்ன பதில் சொல்றதுன்னு தெரியல மிதுன். எல்லாரும் போறேன்னுதான் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. நானும் 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லிச் சொல்லியே அலுத்துட்டேன். வரேன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல. வந்தவங்ககிட்ட என்ன சொல்லணும்?"

வரிசையில் யாரோ இருமினார்கள். அடுத்த நோயாளியின் பெயரை உள்ளிருந்து டாக்டர் கூப்பிட்டார்.

சாதனா எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"இருங்க" என்றாள். "வேலை முடிஞ்சதும் வரேன். நானும் எங்கயும் போகல."